பொட்டு வைத்த பைப்பு

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் பேனாவைத் தொட்டதெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான். எந்த 'ற' எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. பிழை இருந்தால் படிக்கிறவர்களே சரி செய்து படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் எனக்கு அது வராது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் என்னோடு லோடு ஏற்றுகிற ஒருவருடைய அம்மா போன வாரம் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். "உங்க வூட்டு பாத்ரூம்ல புடிச்சிக்கறதுக்கு ஏதோ பைப்பு போட்டுகிறியாமே, எப்டி போட்ட?" என்று அவர் கேட்டார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "போட்டேன்" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் என் அக்காவும் ராயபுரத்தில் ஒரு ஸ்டோர் வீட்டில் இருக்கிறோம். நடுவில் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கக்கூஸ், ஒரு குளிக்கிற அறை. மாடியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார்.

அக்கா கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றாள். அவள் குரல் தெருமுனைக்குக் கேட்கும். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். அதனால் இரும்புக்குப் போனேன். கல்யாணமும் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் கடைசி வரை தலையையே நிமிர்த்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்திலும் அதே கதை. "இவன் மூஞ்சிய இவனே பாத்தது கெடையாது, பொண்ணு மூஞ்சிய எங்க பாக்கப்போறான்?" என்று சொல்லி அக்காதான் அந்தப் பேச்சை முடித்து வைத்தாள்.

ஏலம் விடுகிற தரையில் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் கலந்து கிடக்கும். பாதி வயசு அதில் நடந்தவள், ஒருநாள் அதிலேயே சறுக்கி விழுந்தாள். இடது இடுப்பு எலும்பு போனது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். வாக்கரோடு வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு வாட்டி மட்டும் வுழாம பாத்துக்கப்பா. வுழுந்தா அப்புறம் படுக்கைதான்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எது விழுந்தாலும், ஒரு தட்டு விழுந்தால்கூட, எழுந்து போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன்.

முதலில் எதிர் அறைப் பெண்தான் அக்காவைக் குளிப்பாட்டிவிட்டாள். கைக்குழந்தைக்காரி. வீட்டு வேலைக்கும் போகிறவள். அவளுக்கு அது பாரமில்லை, அக்காவுக்குத்தான் பாரமாக இருந்தது.

"எத்தினி நாளு அவ கையால குளிக்கறது? நா இன்னா பொணமா?" என்று ஒருநாள் வாக்கரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"கதவ தாப்பா போடாதக்கா" என்றேன்.

"தொறந்துபோட்டு குளிக்க சொல்றியா? வெக்கங்கெட்டவனே!"

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் நடையில் நின்றேன். என்ன செய்ய முடியும்? அக்கா குளிக்கிற இடத்துக்குத் தம்பி போக முடியாது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் நான் மூச்சு விடுவேன். சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கும். குழாயடியில் இருக்கிற பெண்கள் என்னைப் பார்ப்பார்கள். குளிக்கிற அறை வாசலில் ஒரு ஆம்பிளை காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? பார்த்தால் எனக்குக் கூசும். அறைக்குள் போய்விடுவேன். போனதும் பயம் வரும். திரும்பி வருவேன்.

அந்தக் குளிக்கிற அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு படி. வாக்கர் அதைத் தாண்டி உள்ளே போகாது, அகலமும் போதாது. அதை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வாக்கரை விட்ட கைக்கு உள்ளே பிடிக்க எதுவும் கிடையாது. தண்ணீர்த் தொட்டி எட்டத்தில் இருக்கிறது. தரை, சோப்பும் உப்புத் தண்ணீரும் பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட சிமெண்ட். அக்கா எதைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்று கேட்டேன். "தொட்டி மேல ஒரு கொயா கீதே" என்றாள். அவள் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தக் குழாய் சுவரிலிருந்து பெயர்ந்து, ஆடுகிற பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்க்கெட்டில் வெல்டிங் வைக்கிற ஒருவர் எனக்குத் தோஸ்து. அவரிடம் மட்டும் கொஞ்சம் பேசுவேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அடப்பாவி, இரும்புக்குள்ளயே குந்திகினு பைப்பு இல்லன்ற? கப்பல்ல வெக்கிற மாரி ஒண்ணு பண்ணி தர்றேன் மாமு. வூடு இடிஞ்சாலும் கம்பி நிக்கும்" என்றார்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் புத்திதான். இரும்பு கனமாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்போம். அவரும் நல்ல கனமான பைப்பாகத் தேடி எடுத்து, இரண்டு முனையையும் வளைத்து, தகடு வெல்டிங் வைத்து, துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்துக் கொடுத்தார். கடப்பாரை மாதிரி இருந்தது. அதைச் சுவரில் வைத்துத் துளை போட்டபோதுதான் தெரிந்தது, எங்கள் சுவர் சுவரே இல்லை. உப்புக் காற்றில் ஊறின பழைய செங்கல். ஆணியடித்தால் மாவு கொட்டியது. ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. கையால் இழுத்தேன், தகட்டோடு வந்துவிட்டது. அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா எழுந்திருக்கும்போது இழுத்திருந்தால்? அவள் தலையில் கடப்பாரையையும் சேர்த்தல்லவா போட்டிருப்பேன்?

தோஸ்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சுவரை அந்தப் பக்கம் வரை துளைத்துவிடலாம் என்றார். அந்தப் பக்கம் சந்து. சந்துப் பக்கம் ஒரு பெரிய தகடு வைத்து, நீள போல்ட் போட்டு, நடுவில் சுவரை இறுக்கிவிட்டால் பைப்பு போகாது, போனால் சுவரோடுதான் போகும். ஆனால் அதற்கு வீட்டுக்காரம்மாவின் அனுமதி வேண்டும். மாடிப்படியில் பாதி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். நான் பேச ஆரம்பிக்கவே நேரம் ஆனது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பாவம், போட்டுக்கோ. ஆனா இது பொது எடம். யாராவது ஒருத்தர் 'எடஞ்சலா கீது'ன்னு எங்கிட்ட வந்து நின்னாலும் அன்னிக்கே கயட்டிடணும். அப்புறம் மூஞ்ச தூக்கக்கூடாது" என்றார்.

அந்த 'கயட்டிடணும்'தான் பிறகு என்னைப் படுத்தியது.

உயரம் எவ்வளவு என்று அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்து அளக்க எனக்குக் கூச்சம். அவளும் நிற்கமாட்டாள். ஆனால் எங்கள் அறையின் பச்சை நிலைச்சட்டத்தில் ஓரிடம் மட்டும் கறுத்துப் பளபளவென்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பிடித்த இடம். எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. தரையிலிருந்து அந்தக் கறுப்பு வரைக்கும் ஒரு குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டேன். அதுதான் அளவு.

ஒரே பைப்பு போதும் என்றுதான் நினைத்தோம். அக்காதான் வாசலில் நின்று சிரித்தாள். "உள்ள போறப்ப சோத்தாங்கை பக்கம் கீது. திரும்பி வர்றப்ப? கம்பிய கயட்டி கையில குடுப்பியா?" என்றாள். தோஸ்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கதவு ஓரத்தில் நெட்டாக ஒரு சின்னப் பைப்பு வைத்தோம். வாக்கரை ஒரு கை விடுவதற்கு முன்னாலேயே மறு கை அதைப் பிடித்துவிடலாம். போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். முதலில் செய்த நீளப் பைப்பை, அக்கா உட்கார்ந்து குளிக்கிற முக்காலிக்குப் பக்கத்துச் சுவரில் படுக்கையாக வைத்தோம், உட்காரவும் எழுந்திருக்கவும். இரண்டுமே சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்துத்தான். தோஸ்து இரண்டிலும் மாறி மாறித் தொங்கினார். "கீயதான் இழுக்கற, அக்கா பக்கவாட்ல இழுக்கும்" என்று சொல்லி நான் காலைச் சுவரில் உதைத்து இழுத்தேன். அசையவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நிம்மதி கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஸ்டோரில் குளிக்கப் போகிறவர்கள் துண்டையோ புடவையையோ கதவின் மேல் போடுவார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மற்ற துணிகளை மாட்ட ஒரு ஆணிகூடக் கிடையாது, இருந்த ஒன்றும் துருப்பிடித்து விழுந்துவிட்டது. இப்போது சுவரில் நீளமாக, அழகாக ஒரு பைப்பு வந்துவிட்டது. யார்தான் விடுவார்கள்? முதலில் ஒரு துண்டு தொங்கியது. பிறகு குழந்தைத் துணி. பிறகு பாவாடைகள். குளித்துவிட்டு அலசிப் போட்டு, மறந்துவிட்டுப் போவார்கள். மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் நான் எட்டிப் பார்ப்பேன். பைப்பே தெரியாது.

இதை நான் எப்படிச் சொல்வது? 'உங்கள் உள்பாவாடையை எடுங்கள்' என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்ல எப்படி வாய் வரும்? எடுத்து வைக்கலாம் என்றால் அதைத் தொடுவதா? துண்டுகளை மட்டும் எடுத்துத் தொட்டி மேல் வைப்பேன். மற்றதை விட்டுவிட்டு வந்துவிடுவேன். அக்காவிடம் சொல்லலாம் என்றால், அவள் ஆரம்பித்தால் தெரு கூடிவிடும். சண்டை வந்தால் யாராவது மாடிக்குப் போவார்கள். மாடிக்குப் போனால் பைப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மறுபடி அந்த ஆடுகிற குழாய். இப்படி என் புத்தி சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே நிற்கும். பஸ்ஸில் நிற்கும்போது, லாரியில் கம்பி ஏற்றும்போது, ஒரே நினைப்பு: இப்போது பைப்பின் மேல் என்ன தொங்குகிறதோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. நான் அறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். 'தொப்'பென்று ஒரு சத்தம். அதோடு அக்காவின் குரல், "யம்மா!" என்று.

ஓடினேன். கதவில் கை வைத்தேன். தாழ்ப்பாள்.

"அக்கா! அக்கா!"

ஒரு இடி இடித்தால் அந்தத் தகரக் கதவு விழுந்துவிடும். தோளைக் கொடுத்தேன். உள்ளேயிருந்து, "உள்ள வராத! கதவ ஒடச்ச, காலு நல்லானதும் உன்ன ஒதைப்பேன்!" என்றாள். அந்தத் திட்டைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர் அறைப் பெண் குழந்தையோடு ஓடிவந்தாள். "அக்கா, அடிபட்டுச்சா? எங்க பட்டுச்சு?" என்று கதவோரம் குனிந்து கேட்டாள். பிறகு பைப்பில் கை படுகிற சத்தம். மூச்சு இழுக்கிற சத்தம். முக்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் திறந்தது.

அக்கா புடவையைச் சுற்றிக்கொண்டு, கதவோரப் பைப்பைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் இன்னும் சோப்பு இருந்தது. இன்னொரு கையில் ஈரமான ஒரு நீலப் பாவாடை.

"கண்ல சோப்பு. கம்பினு நெனச்சு இத்த புடிச்சேன்டா. அது வயுக்கிகினு கூடவே வந்துச்சு. நல்லவேள, குந்தின எடத்துலயே குந்திட்டேன்" என்றாள்.

முக்காலியிலிருந்து முழுசாக எழுந்திருப்பதற்கு முன்பே துணி வழுக்கியதால் முக்காலி மேலேயே விழுந்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் எழுந்திருந்தால் தரைக்குப் போயிருப்பாள். எதிர் அறைப் பெண் அந்த நீலப் பாவாடையைப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அதை வாளியில் போட்டுவிட்டு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாருடையது என்று அவள் கேட்கவே இல்லை. தெருவையே கூப்பிட்டுக் கேட்கிறவள் கேட்காமல் போனது எனக்குப் புதிதாக இருந்தது. அறைக்குள் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வுடுடா. கம்பிய கயட்ட சொல்லிட்டா இன்னா பண்றது?" எனக்கிருந்த அதே பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. அது தெரிந்தபோது என் பயம் இரண்டு மடங்கானது.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. மார்க்கெட்டில் அன்றைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்போம். தராசுக்கு, கடப்பாரைக்கு, கேஸ் கட்டருக்கு, லாரிக்கு. பொட்டு வைத்த பிறகு அன்றைக்கு அந்தக் கடப்பாரையை யாரும் தாண்டமாட்டார்கள், கால் படாது, அதன் மேல் அழுக்குத் துணி போடமாட்டார்கள். வருஷா வருஷம் பார்க்கிறதுதான். அந்த வருஷம் தோஸ்து வெல்டிங் மிஷின் மேல் கிடந்த தன் பழைய சட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுச் சந்தனம் வைத்தார். நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிச் சந்தனத்தையும் குங்குமத்தையும் பேப்பரில் மடித்து வாங்கிக்கொண்டு, பொரியோடு வீட்டுக்கு வந்தேன். மத்தியானம். தண்ணி லாரி வந்து பெண்களெல்லாம் குடத்தோடு தெருவில் இருந்தார்கள். குளிக்கிற அறையில் புகுந்தேன். அதிர்ஷ்டம், பைப்பில் ஒரு துண்டு மட்டும்தான். எடுத்துவிட்டு, பைப்பைத் துடைத்து, இரண்டு முனையிலும் தகட்டின் மேல் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தேன். கை படுகிற இடத்தில் வைக்கவில்லை, சந்தனம் வழுக்கும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திருடன் மாதிரி வெளியே வந்தேன்.

சாயங்காலம் நடையில் ஒரே சிரிப்பு.

"இன்னாதிது, பைப்புக்கு பொட்டு?"

"இரும்பு வேலக்காரராச்சே, வூட்டு இரும்புக்கும் பூஜ போட்டுகிறாரு."

"கக்கூஸ் கதவும் இரும்புதான், அத்த வுட்டுட்டாரே!"

நான் அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். காது சுட்டது. அக்கா வாக்கரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இனிமே புடிக்கறதா, கும்புடறதா?" என்றாள். சிரிக்கவில்லை. ஒரு பிடி பொரியை என் கையில் வைத்தாள்.

மறுநாள் பைப்பின் மேல் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பொட்டு வைத்ததன் மேல் பாவாடையைப் போட யாருக்கும் கை வரவில்லை. கோடி அறையில் மாதா படம் வைத்துக் கும்பிடுகிற ஒரு குடும்பம் இருந்தது. அவர்களும் போடவில்லை. எதிர்ச்சுவரில் ஒரு நைலான் கயிறு வந்தது. கட்டியவள் எதிர் அறைப் பெண். நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது நடையில் வழி மறித்து நின்றாள்.

"அண்ணே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிர்க்கலாம்ல? நா இன்னா கடிச்சா துன்னுடுவேன்? அக்கா வுழுந்தன்னிக்குலேர்ந்து எனக்கு சோறு எறங்கல" என்றாள். குழந்தை என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தது. நான் தலையை ஆட்டினேன்.

ஒரே நடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேருமே சாப்பிடாமல் இருந்திருக்கிறோம்.

தாழ்ப்பாள் வழக்கையும் அவள்தான் தீர்த்து வைத்தாள். வாக்கர் வெளியே நின்றால் உள்ளே இருப்பது அக்கா என்று இந்த வீட்டில் யாருக்குத் தெரியாது, அப்புறம் எதற்குத் தாழ்ப்பாள் என்று கேட்டாள். அக்கா வெகுநேரம் முணுமுணுத்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு: நான் வாசலில் நிற்கக்கூடாது. அதற்குப் பதிலாக, உட்கார்ந்ததும் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை, அலுமினியச் சொம்பால் பைப்பில் தட்டுவாள். அறையிலிருந்தே எனக்குக் கேட்கும்.

தண்ணீர் பட்டுப் பொட்டு அழிந்துகொண்டே இருக்கும். அழிய அழிய யாரோ வைத்துவிடுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. ஆயுத பூஜையன்று மட்டும் நான் வைப்பேன். நேற்றும் வைத்தேன். பூஜையில் வைத்த பேனாவை இன்றைக்கு எடுத்து ஏதாவது எழுத வேண்டுமாம். எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா குளிக்கப் போயிருக்கிறாள். கதவு வழியாகப் பார்த்தால் நடையின் கோடியில் வாக்கர் நிற்பது தெரிகிறது.

உட்கார்ந்துவிட்டாள். சொம்புச் சத்தம் கேட்டது. ஆனால் இன்றைக்கு அந்தச் சத்தத்தோடு கூடவே 'கிர்' என்று சின்னதாக ஒரு அதிர்வும் கேட்டது. இறுக்கமான இரும்பு 'டங்' என்று நிறுத்திச் சொல்லும், இப்படி இழுக்காது. சந்துப் பக்கத்து நட்டு துருவேறித் தளர்ந்திருக்க வேண்டும். உப்புக் காற்று எதையும் விடுவதில்லை. மார்க்கெட்டில் என்னைக் கேட்டவருக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள், அடிக்கடி போய் இழுத்துப் பாருங்கள். எதிர் அறைப் பெண்ணைக் கூப்பிட்டு, அக்கா எழுந்திருக்கும்போது கூட நிற்கச் சொல்லப் போகிறேன். ஆமாம், வாயைத் திறந்துதான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போக வேண்டும். மீதி ஏதாவது இருந்தால் வந்து எழுதுகிறேன்.

போய் வந்துவிட்டேன். படுக்கைப் பைப்பின் ஒரு நட்டு கையாலேயே சுற்றியது. இறுக்கிவிட்டேன், நாளைக்குப் புதிது வாங்கி மாற்ற வேண்டும். இரண்டாவது சத்தம் சரியாகக் கேட்டது.

5-10-2003, ஞாயிற்றுக்கிழமை.